மேடைப் படிப்புக்காக அமெரிக்கா: மாலதிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. நித்யா இசை நாடகம் படிக்க அமெரிக்கா போக ஆசைப்படுகிறாள் என்றும், அவளுடைய அப்பா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றும் எழுதியிருந்தாய். துபாயிலிருந்து என் மூத்தவன் இதே படிப்புக்குப் போனவன் என்பதால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பல்கலைக்கழகம் அவளைச் சேர்த்துக்கொள்வது வேறு, அந்தத் துறை அவளை எடுத்துக்கொள்வது வேறு. மதிப்பெண்ணும் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வும் முன்னதற்குத்தான் உதவும். மிச்சிகன், கார்னகி மெலன், சின்சினாட்டி போன்ற பல்கலைக்கழகங்களில் ஒரு வகுப்புக்கு இருபது சொச்சம் பேருக்கு மேல் எடுப்பதில்லை என்பதால், ஆடிஷனுக்கு முன்பே வீடியோவைப் பார்த்துப் பெரும்பாலோரைக் கழித்துவிடுகிறார்கள். இரண்டு பாடல், ஒரு தனி வசனம், கொஞ்சம் நடனம் ஆகியவற்றைப் பொதுவாக நவம்பருக்குள் அனுப்ப வேண்டியிருக்கும். பாடல் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டக் கூடாது. வெட்டி ஒட்டாமல் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். வெறும் சுவரும் கைப்பேசியும் போதும், ஆனால் பின்னணி இசை குரலை அமுக்கிவிடக் கூடாது.

சின்ன வயதிலிருந்தே கர்நாடக சங்கீதம் கற்றவளுக்குச் சுருதியும் தாளமும் கைவந்தவை. ஆனால் ஒரே ஸ்வரத்தில் அசையாமல் நிற்க வேண்டிய இடத்தில் தொண்டை தானாகக் கமகத்துக்கு, அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதற்குப் போய்விடும். மேல் ஸ்தாயியிலும் நெஞ்சுக் குரலின் கனத்தோடு பாடும் 'பெல்ட்' முறையைத் தவறாகப் பழகினால் குரலே கெட்டுவிடும் என்பதால், இணைய வழியிலாவது அதற்கென்று ஓர் ஆசிரியரைப் பிடி. அதற்காக இப்போதுள்ள பாட்டு வகுப்பை நிறுத்திவிடாதே. தனி வசனத்துக்கு அமெரிக்க உச்சரிப்பைப் போலி செய்யவும் வேண்டாம்.

நேரடி ஆடிஷன் ஜனவரி, பிப்ரவரியில் நடக்கும். நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரங்களில் பல கல்லூரிகள் ஒரே இடத்தில் கூடுவதால் ஒரே பயணத்தில் பலவற்றை முடிக்கலாம். வீடியோ வழியாகவே பார்க்கும் கல்லூரிகளும் உண்டு. டிக்கெட் போடுமுன் கேட்டுவிடு.

உன் கணவரிடம் பேச வேண்டியது பணத்தைப் பற்றித்தான். அந்நாட்டு அரசின் கல்வி உதவி நம் பிள்ளைகளுக்குக் கிடையாது. விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவத்தைத் தருமுன், முதலாண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டச் சொல்வார்கள் கல்லூரியில். படித்து முடித்தபின் ஓராண்டு வேலை அனுமதி உண்டு. பொறியியல் மாணவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் இரண்டாண்டு இவர்களுக்கு இல்லை. அந்த ஓராண்டுக்குள் மேடையில் பெயர் எடுத்து வேறு விசா வாங்குவது லேசுப்பட்ட காரியமல்ல. ஆகவே, வீட்டை அடமானம் வைத்து அனுப்புவதாக இருந்தால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இங்கிலாந்தில் கில்ஃபோர்டு நடிப்புப் பள்ளி போன்ற இடங்களில் இப்படிப்பு மூன்றே ஆண்டு. அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்.

நித்யா பாடிய இரண்டு பாடல்களை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல். என் மகன் கேட்டுவிட்டு அபிப்பிராயம் எழுதுவான். அவனுக்கு வாய் கொஞ்சம் துடுக்கு; அவள் கோபித்துக்கொள்ளாமல் இருந்தால் சரி.

அன்புடன்,
வசந்தி