மலையிடுக்கில் ஓடிய காலைகள்

திருவையாறு,
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மூட்டுவலி தணிந்து, பாமணியாற்றுக் கரையில் மறுபடியும் காலை நடையைத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததில் எனக்குப் பெரிய ஆறுதல். மகள் வீட்டில் இரண்டு மாதம் எப்படிப் பொழுதைப் போக்கினாய், ஓட்டத்தை விட்டுவிட்டாயா என்று கேட்டிருந்தாய். விடவில்லை. நாற்பது வருடமாக ஆற்றங்கரையின் சமதளத்திலேயே ஓடிப் பழகிய இந்தக் கால்களுக்கு ஏற்றம் என்றால் என்னவென்று அங்கேதான் தெரிந்தது.

மகள் இருப்பது யூட்டா மாநிலத்தின் தலைநகரான சால்ட் லேக் சிட்டியில். அவள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால், மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தை ஒட்டினாற்போல், சிட்டி கிரீக் கேன்யன் தொடங்கிவிடுகிறது. கேன்யன் என்பதை மலையிடுக்கு என்று வைத்துக்கொள். ஒகேனக்கல்லில் பரிசலில் போனபோது நாம் இருபுறமும் அண்ணாந்து பார்த்த பாறைச்சுவரை நினைத்துக்கொள்ளாதே. இது அதைவிட அகலமானது, சரிவெல்லாம் புல்லும் குட்டையான ஓக் மரங்களும், அடியில் ஓடையை ஒட்டி நிழல் தரும் பெருமரங்களும் உள்ளது. ஊர் முடிகிற இடத்தில் ஒரு கேட். அதிலிருந்து ஓடையோடு கூடவே ஒரு குறுகிய தார்ச்சாலை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் மேலே ஏறிச் செல்கிறது. கோடையில் ஒற்றைப்படைத் தேதிகளில் சைக்கிள், இரட்டைப்படைத் தேதிகளில் கார் என்று அந்தச் சாலைக்கு முறை வைத்திருந்தார்கள். நடப்பவனும் ஓடுபவனும் எந்த நாளிலும் போகலாம் என்றிருந்தது. நம் வாய்க்கால்களில் முறைப்பாசனம் வைப்பதைப் போலத்தான் என்று மருமகனிடம் சொன்னேன். அவர் சென்னைக்காரர், சிரித்துவைத்தார்.

முதல் நாள் நடந்ததைச் சொன்னால் நீ சிரிப்பாய். இங்கே காவிரிக் கரையில் புறப்படுவேனே, அதே வேகத்தில் புறப்பட்டேன். ஒரு கிலோமீட்டர் தாண்டுவதற்குள் மூச்சு முட்டி, சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். என்னைவிடப் பத்து வயதாவது மூத்த ஒரு அம்மாள் வணக்கம் சொல்லிக்கொண்டே அசராமல் என்னைக் கடந்து மேலே ஓடினார். அந்த ஊரே கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நூறு மீட்டர்கூட உயராத நம் மண்ணிலிருந்து போனவனுக்கு, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற பிராணவாயு ஏறக்குறைய 15 சதவீதம் குறைந்துபோகிறது. அதற்கு மேல் சாலையின் ஏற்றம் வேறு. கேட்டிலிருந்து சாலை முடிவதற்குள் ஆயிரம் அடிக்கு மேல் ஏறியாக வேண்டும். நம் பெரிய கோயில் விமானம் 216 அடி என்றால், ஐந்து விமானங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றின் மேல் ஓடி ஏறுவதாக எண்ணிப் பார்.

இரண்டாவது வாரத்தில்தான் வழி பிடிபட்டது. கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்று நாம் வைத்திருந்த கணக்கை அடியோடு கைவிட்டு, மூச்சை மட்டும் கவனித்து, காலடியைப் பாதியாகக் குறைத்து, வாய் திறந்து ஒரு வாக்கியம் பேச முடிகிற அளவிலேயே ஏறினேன். பேச முடியாமல் போனால் நடந்தேன். இப்படி நடப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை என்று ஒத்துக்கொள்ள எனக்குப் பத்து நாள் பிடித்தது. இறக்கம் எளிது என்று நினைத்ததும் தவறு. இறங்கும்போது உடம்பின் முழு எடையையும் தொடைத் தசைகள் ஒவ்வொரு அடியிலும் பிடித்து நிறுத்துகின்றன. மறுநாள் மாடிப்படியில் பக்கவாட்டாகத்தான் இறங்க முடிந்தது. இடது கால் பெருவிரல் நகம் கறுத்து, இன்னும் விழாமல் நிற்கிறது.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடியற்காலையில், இரவெல்லாம் குளிர்ந்து கனத்த காற்று மலையிலிருந்து ஊரை நோக்கி இறங்குகிறது. ஏறுகிறவன் முகத்தில் அது ஜில்லென்று அடிக்கும். வெயில் ஏறியபின் அதே காற்று திரும்பி மேல்நோக்கி வீசும். வியர்வை தெரிவதே இல்லை. இங்கே பனியனைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும். அங்கே அது காய்ந்தே இருந்தது, முதுகில் உப்பு மட்டும் வெள்ளையாய்ப் பூத்திருந்தது. அதனால் தாகம் தெரியாமல் ஏமாந்து, ஒருநாள் தலைசுற்றித் திரும்பினேன். கிலுகிலுப்பைப் பாம்பு இருக்கும் என்று மகள் பயமுறுத்தினாள். நான் பார்த்ததென்னவோ மானும் காட்டு வான்கோழியும்தான்.

ஆனால் அந்த இடத்தை நினைக்கும்போது எனக்கு முதலில் கண்ணில் நிற்பது ஓடைதான். நம் கண்ணுக்கு அது ஒரு வாய்க்கால் அளவே இருக்கும். 1847 ஜூலையில் மார்மன் சமயக் குடியேறிகள் அங்கே வந்து சேர்ந்த கையோடு இந்த ஓடையைத்தான் மறித்து, காய்ந்து இறுகிக் கிடந்த நிலத்தில் நீர் விட்டு, இளகியபின் உழுது உருளைக்கிழங்கு நட்டார்கள். நாம் சேடை விடுவதைப் போல. ஊர் எழுந்தது அந்தத் தண்ணீரால். இன்றும் கேட்டிலிருந்து சுமார் 5 கிலோமீட்டரில் நகரத்தின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அதற்கு மேலே நாயைக்கூட அழைத்துப் போகக் கூடாது. ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கு வீடு முளைக்காமல் தப்பியிருப்பதற்கு, அது அவர்கள் குடிக்கிற தண்ணீராக இருப்பதே முக்கியக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அழகுக்காக மட்டும் விட்டுவைப்பார்கள் என்பதை நான் நம்பமாட்டேன்.

ஜூன் 12 அன்று, மேட்டூர் திறப்புச் செய்தியை இங்கே நீங்கள் எல்லாரும் எதிர்பார்த்திருந்த நேரத்தில், நான் அந்த ஓடையின் மேலிருந்த ஒரு பாலத்தில் நின்று பனி உருகிய நீர் இரைந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு அணைத் திறப்பும் இல்லை, தேதியும் இல்லை; வெயில் ஏறினால் நீர் வருகிறது. அதுவும் சில சமயம் அளவு மீறும். 1983 மே இறுதியில் பனி ஒரேயடியாக உருகி, ஓடை நகரத்துக்குள் புகுந்தது. மக்கள் திரண்டு ஸ்டேட் ஸ்ட்ரீட் என்னும் பெருஞ்சாலையின் இருபுறமும் மணல் மூட்டைகளை அடுக்கி, சாலையையே ஆறாக்கி வெள்ளத்தை வழியனுப்பினார்கள். மேலே மரப்பாலம் கட்டி நடந்தார்களாம். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மதகுகள் அடித்துப் போனபோது கொள்ளிடக் கரையில் நீயும் நானும் மூட்டை சுமந்தது நினைவுக்கு வந்தது. அந்த ஓடை கடைசியில் ஜோர்டான் என்ற ஆறு வழியாகப் பெரிய உப்பு ஏரியில் போய் முடிகிறது. கடலைக் காணாத கடைமடை.

அங்கே ஒவ்வொரு நாளும் நீர் வருகிற திசையை நோக்கி ஓடிப் பழகியபின், இங்கே திரும்பி வந்து காவிரிக் கரையில் நின்றபோது ஒன்று உறைத்தது. இத்தனை வருடத்தில் நாம் எப்போதும் தண்ணீர் போகிற பக்கமாகவே, கிழக்கே பார்த்தே ஓடியிருக்கிறோம். ஒருமுறைகூடத் தண்ணீர் வருகிற தலைப்பை நோக்கி ஓடியதில்லை. இங்கிருந்து கல்லணைக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். ஏற்றம் காலுக்குத் தெரியாது, தண்ணீருக்கு மட்டுமே தெரியும். ஆகவே உன் முட்டிக்கும் பயமில்லை. மார்கழியில் இரண்டு காலைகளாகப் பிரித்து, முதல் நாள் திருக்காட்டுப்பள்ளி வரை ஓடி, குடமுருட்டி பிரிகிற இடத்தைப் பார்த்துவிட்டு இரவு அங்கேயே தங்கலாம். நடக்க வேண்டிய இடத்தில் நடப்போம்.

கரைச்சாலை எங்கெங்கே உடைந்திருக்கிறது என்று அந்தப் பக்கத்துக் கரையையும் மதகையும் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் ஒருவரிடம் விசாரித்து வைக்கிறேன். நீ புது ஷூ வாங்குவதாக இருந்தால் ஒரு அளவு பெரியதாக வாங்கு. என் நகம் சொல்கிற புத்தி இது. தேதியை நீயே குறித்து எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய ஓட்டத் துணை.