உப்புக் காற்றில் ஓடும் பழைய எஸ்யூவி: முதல் செலவு இன்ஜினுக்கு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பெரிய எஸ்யூவி வண்டிகளின் இன்ஜின் திறனைக் கூட்டி, மணலிலும் சேற்றிலும் ஓடும்படி மாற்றியமைப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். எழுதியவர் விஷயம் தெரிந்தவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், முதலில் இன்ஜின், பிறகு உயரம், அதற்கும் பிறகே மற்றவை என்று அவர் காட்டிய வரிசையில் ராமநாதபுரம் கடற்கரையில் ஒருவர் செலவு செய்யத் தொடங்கினால், பணமும் போகும், வண்டியும் போகும். அந்த வரிசையில் செலவு செய்து பட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

வாலிநோக்கத்துக்கும் மூக்கையூருக்கும் இடைப்பட்ட கரையில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு நாட்டுப்படகு உண்டு. வலையையும் ஆட்களையும் கரைக்குக் கொண்டு சேர்ப்பதற்காக, 2.2 லிட்டர் டைகார் டீசல் இன்ஜின் கொண்ட டாடா சஃபாரி, நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கி ஓட்டி வருகிறேன். அந்த இன்ஜின் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 140 குதிரைத்திறனும் 320 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தரக்கூடியது. இரண்டு டன் எடையுள்ள வண்டிக்கு இது போதாது என்று நானாகவே முடிவு செய்து, வெளியூர்ப் பட்டறை ஒன்றில் இசியுவை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியை) ரீமேப் செய்துகொண்டேன், அதாவது கூடுதல் திறன் தரும்படி அதன் மென்பொருளை மாற்றிக்கொண்டேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரிகளை முந்தும்போது வேறுபாடு நன்றாகவே தெரிந்தது. ஆனால் அடுத்த வாரமே படகுத்துறை மணலில் வண்டி அச்சு வரை புதைந்து நின்றது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் தன் குழியைத் தானே ஆழமாக்கியது. கிளட்ச் கருகும் நாற்றம் வண்டிக்குள் வந்துவிட்டது.

அரிச்சல்முனைக்கு 2017இல் தார்ச்சாலை திறக்கப்படும் வரை தனுஷ்கோடி மணலில் சுற்றுலாப் பயணிகளை ஜீப்பில் ஏற்றிச் சென்ற பெரியவர் ஒருவர் அன்று கரையில் இருந்தார். அவர் இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "டயர்ல காத்து எவ்வளவு தம்பி?" என்று மட்டும் கேட்டார். 32 பிஎஸ்ஐ என்றேன். பக்கத்து உடைமரத்திலிருந்து ஒரு முள்ளை ஒடித்து, ஒவ்வொரு வால்வாக ஊசியை அழுத்திப் பாதிக் காற்றை இறக்கினார். டயரின் வயிறு இரு பக்கமும் பிதுங்கி, ரப்பர் மணலோடு நீளவாக்கில் படிவதை முழங்காலிட்டு என் கண்ணாலேயே பார்த்தேன். சக்கரங்களின் முன்னே இருந்த மணலைக் கையால் ஒதுக்கிவிட்டு, ஃபோர் லோவில் (நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையுடன் சுழலும் நிலையில்) இரண்டாவது கியர் போட்டுக் கிளட்சை விடச் சொன்னார். இன்ஜின் இரையவே இல்லை. வண்டி மெல்ல மேலேறி வந்தது.

காரணம் எளியது. டயர் தரையை அழுத்தும் அழுத்தம் ஏறத்தாழ அதனுள் இருக்கும் காற்றின் அழுத்தத்துக்குச் சமம். காற்றைப் பாதியாகக் குறைத்தால் தரையில் படியும் பரப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது. மணல் வண்டியைத் தாங்குகிறது. இதற்கு ஆகும் செலவு ஒரு காற்றழுத்தமானியும், திரும்பித் தார்ச்சாலை ஏறுமுன் காற்று நிரப்ப 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்றும்தான். குறைந்த காற்றுடன் சாலையில் வேகமாக ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும் என்பதால் கம்ப்ரசரை விட்டுவிடக் கூடாது. எங்கள் பக்கத்துக் கண்மாய்க் கரைகளிலெல்லாம் சீமைக்கருவேல முள் கிடக்கிறது. ஆகவே டயர் வாங்கும்போது பட்டையின் அழகைப் பார்ப்பதை விடப் பக்கச்சுவரின் உறுதியைப் பார்த்து வாங்குவது நல்லது.

இதைவிடப் பெரிய பாடத்தை உப்பு கற்பித்தது. வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தலாம் என்று உள்ளூர் மெக்கானிக்கிடம் போனபோது, அவர் ஸ்பேனரை எடுத்து, வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸ் முழுவதையும் ஓரிடம் விடாமல் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங் என்று வந்த ஓசை, பின் சக்கரத்துக்கு மேலே சேஸ் வளைந்து செல்லும் இடத்தில் டொக்கென்று அடங்கியது. அங்கே ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினார். உள்ளங்கை அளவுத் துருப்பொருக்கு ஒன்று கழன்று விழ, கம்பி உள்ளே இறங்கிவிட்டது. எனக்கு முன்பே யாரோ ஒருவர் அந்தத் துருவின் மேலேயே கறுப்புப் பூச்சைக் கனமாக அடித்திருந்தார். பூச்சுக்குள் அடைபட்ட ஈரமும் உப்பும் இரும்பை உள்ளேயிருந்து தின்றிருக்கின்றன. அந்தச் சேஸில்தான் நான் கூடுதல் திறனை ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சித் தன்னிடம் வைத்துக்கொள்ளும் இயல்புடையது. வெயில் காலத்திலும் துரு வளர்வது இதனால்தான். சேஸின் வடிகால் துளைகளில் மணல் அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துருவைக் கம்பித் தூரிகையால் வெள்ளிரும்பு தெரியும் வரை சுரண்டி, பிரைமர் அடித்து, சேஸின் உள்ளீடற்ற குழல்களுக்குள் மெழுகுப் பூச்சு செலுத்த வேண்டும். கரையிலிருந்து திரும்பியதும் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்; எங்கள் ஊர் ஆழ்குழாய்த் தண்ணீரே உவராக இருக்கும்போது அதில் கழுவுவது உப்புக்கு மேல் உப்பைப் பூசுவதாகும். காவிரிக் குடிநீருக்குத் தள்ளுவண்டியில் குடங்களுடன் பெண்கள் காத்து நிற்கும் தெருவில் அந்த நீரால் வண்டி கழுவவும் மனம் ஒப்பாது. வீட்டு மழைநீர்த் தொட்டியிலிருந்து இரண்டு குடம் எடுத்து, தோட்டத்துத் தெளிப்பானால் சேஸுக்கு மட்டும் பீய்ச்சுகிறேன். அதுவே போதுமானதாக இருக்கிறது.

சோழகக் காற்று வீசும் மாதங்களில் மணல் துகள் ஏர் ஃபில்டரை வெகு விரைவில் நிரப்பிவிடும். டர்போ (காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் கருவி) உள்ள இன்ஜினுக்கு இது எமன். ரேடியேட்டர் துடுப்புகளும் அப்படியே. இவற்றையும் பிரேக்கையும் கிளட்சையும் சீராக்கிய பிறகு திறனை ஓரளவு கூட்டிக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை.

பெரிய டயர் போடுவோர் ஒரு கணக்கை நினைவில் கொள்ள வேண்டும். 235/70 ஆர்16 என்று அளவு குறிக்கப்பட்ட டயருக்குப் பதிலாக 245/75 ஆர்16 போட்டால் விட்டம் சுமார் 5 விழுக்காடு கூடுகிறது. வேகமானி 80 காட்டும்போது வண்டி உண்மையில் 84இல் ஓடும்; சக்கரத்தில் கிடைக்கும் இழுவையும் அதே அளவு குறையும். காசு கொடுத்துக் கூட்டிய திறனில் ஒரு பங்கை டயரே விழுங்கிவிடுகிறது. உயர்த்திய வண்டியில் பாம்பன் பாலத்தின் மேல் பக்கக்காற்று அடிக்கும்போது ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்த்தவருக்கு, உயரத்தின் விலையும் புரியும்.

கட்டுரை சட்டத்தைத் தொடவே இல்லை என்பது என் பெரும் குறை. பதிவுச் சான்றில் உள்ள, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கூறுகிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அதே சட்டத்தின் 182ஏ பிரிவு இடம் தருகிறது. என் வண்டியை நான் பழைய மேப்புக்கே மாற்றிவிட்டேன். உயர்த்தும் எண்ணத்தையும் கைவிட்டேன்.

இன்னொன்று. மாற்றியமைத்த வண்டியைச் சோதித்துப் பார்க்க இளைஞர்கள் நேரே மணல்மேடுகளுக்குப் போகிறார்கள். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் எனப்படும் ஆலிவ் ரிட்லி கடலாமைகள் இக்கரைகளில் ஏறி முட்டையிடுகின்றன. முட்டை பொரிய ஏறக்குறைய 45 முதல் 60 நாட்கள் ஆகும். வெளிவரும் குஞ்சு சக்கரத் தடத்துக்குள் விழுந்தால் அதிலேயே ஊர்ந்து, கடலை எட்டுமுன் காகத்துக்கு இரையாகும். படகுத்துறைக்குப் போகும் பழைய பாதையை விட்டு நான் சக்கரத்தை இறக்குவதில்லை. மற்றவர்களும் இறக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

எந்த மாற்றத்துக்கு முன் அனுமதி வேண்டும், எது அறவே கூடாது என்ற பட்டியலை வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் தமிழில் எழுதி, வண்டிப் பட்டறைகளின் சுவர்களில் ஒட்டச் செய்ய வேண்டும். தங்கள் ஞாயிறு இணைப்பும் அடுத்த வாரம் அதே அளவு இடத்தைச் சேஸ் பராமரிப்புக்கு ஒதுக்கினால், வாடைக்காற்றும் மழையும் தொடங்குமுன் இங்குள்ள பலர் தங்கள் வண்டியின் அடியில் ஒருமுறையேனும் ஸ்பேனரால் தட்டிப் பார்த்துக்கொள்ள அது உதவும்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
சாயல்குடி, ராமநாதபுரம் மாவட்டம்.