நாவல் எழுதும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

உன் நாவலின் முதல் வரைவை முழுவதும் படித்துவிட்டேன். வெள்ளம் வரும் அத்தியாயத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாதே. எனக்கு மனம் ஒட்டாதவை இரண்டு: வெப்ப அலையும், வானத்தில் கந்தகம் தூவும் முடிவும்.

வெப்பமானியை 55 டிகிரிக்கு ஏற்றி, ஜனங்களைத் தெருவில் சுருண்டு விழ வைத்திருக்கிறாய். ஆளைக் கொல்ல அவ்வளவு சூடு தேவையில்லை, கண்ணம்மா. வியர்வை ஆவியாகிற வரைதான் உடம்பு தன்னைத் தணித்துக்கொள்ளும். காற்றில் ஈரம் நிறைந்துவிட்டால் வியர்வை வழியும், உலராது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். அது 35 டிகிரியில் சில மணி நேரம் நின்றால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் திடகாத்திரமானவருக்கும் உயிராபத்து என்று 2010-இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. 2022-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வைத்தே சோதித்தார்கள். ஈரக் காற்றில், ஈரக்குமிழ் அளவு 31 டிகிரியை நெருங்கும்போதே உடம்பின் உள்வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறத் தொடங்கிவிட்டது. முதியவர்களின் எல்லை அதைவிடக் கீழே.

ஆகவே உன் கதையில் வரும் பாட்டியைத் தெருவுக்கு அனுப்பாதே. வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். மின்விசிறி ஓடட்டும், பக்கத்தில் தண்ணீரும் இருக்கட்டும். இரவு வந்தும் சூடு தணியாமல், செய்ய வேண்டியதையெல்லாம் சரியாகச் செய்தும் அவள் பிழைக்கவில்லை என்று எழுது. அதைப் படிக்கிறவர் தன் வீட்டு முதியவரை நினைக்காமல் பக்கத்தைத் திருப்ப முடியாது.

கடைசி அத்தியாயம்தான் என்னை உறங்கவிடவில்லை. விமானங்கள் கந்தகம் தூவுகின்றன, பூமி குளிர்கிறது, கதை முடிகிறது. அறிவியல் சரிதான். 1991-இல் பினாட்டுபோ எரிமலை வெடித்து, சுமார் 1.5 கோடி டன் கந்தக டை ஆக்சைடை மேலே அனுப்பியது. அடுத்த ஆண்டு உலகின் சராசரி வெப்பம் ஏறக்குறைய அரை டிகிரி இறங்கியது. ஆனால் வெயிலை மறைத்த அந்தக் கந்தகப் படலம் இரண்டொரு ஆண்டுகளில் கரைந்துபோயிற்று. நாம் வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடோ நூற்றாண்டுகளுக்கு நிற்கும். கடலை அமிலமாக்குவதும் நிற்காது. உன் விமானங்கள் ஆண்டுதோறும் பறந்தாக வேண்டும். ஒரு போரோ பணமுடையோ வந்து அவை நின்றால், அடக்கி வைத்த வெப்பத்தின் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் திரும்பி வந்துவிடும்.

உன் நாவல் தொடங்க வேண்டிய இடமே அதுதான் என்று எனக்குப் படுகிறது. யாரைக் கேட்டு அதைத் தொடங்கினார்கள்? தன் மழை பொய்த்ததற்கு அந்த விமானங்களே காரணம் என்று ஒரு நாடு சொன்னால் யார் பதில் சொல்வார்கள்? கந்தகம் தூவத் தொடங்கிய உன் பொறியாளருக்கு ஒரு பேத்தியைக் கொடு. தான் தொடங்காத வேலையை நிறுத்தவும் முடியாமல் தொடரவும் மனமில்லாமல் அவள் நிற்கட்டும். நீ பொறியாளரைக் கொண்டாடுகிறாய். எனக்கு அந்தப் பேத்தியிடம்தான் பேச வேண்டும்.

உன் கதை நடக்கும் ஆண்டுகளில் நான் இருக்க மாட்டேன், நீ இருப்பாய். நான் இவ்வளவு பிடிவாதமாக எழுதுவது அதனால்தான். பேத்தியின் அத்தியாயத்தை எழுதியதும் அதை மட்டுமாவது முதலில் அனுப்பு.

அன்புடன்,
அப்பா