கூரை போடுமுன் சுடுதண்ணிக் குழாயை வரையுங்கள்

பெருந்தோட்ட மற்றும் சமூக உட்கட்டமைப்பு அமைச்சுக்கும், மலையகத்தின் புது வீடுகளுக்கு வரைபடம் போடும் பொறியியலாளர்களுக்கும்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் காம்பராக்களில் ஒன்றில், பிறந்தவன் நான். பதினான்கு வருடமாகப் பைப் வேலை செய்கிறேன். அதில் பாதிக் காலம் நுவரெலியா, பண்டாரவளை ஹோட்டல்களின் கூரைமேல்தான் போயிருக்கிறது. வெயிலில் தண்ணீர் சுட வைக்கும் சாதனங்களைப் பொருத்துவேன், பழுதானால் கழற்றிப் பார்ப்பேன். பகல் முழுக்க விருந்தாளிகளுக்குச் சுடுதண்ணி வரவழைத்துவிட்டு மாலை வீடு திரும்பினால், அம்மா அடுப்படியில் குனிந்து ஊதாங்குழல் ஊதிக்கொண்டிருப்பார். இந்த மடலை எழுத வைத்தது அந்தக் காட்சிதான்.

ஆடி மாத மழையில் கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து இறங்கி வரும் பெண்களை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். தலையில் போட்ட கம்பளி ஈரத்தில் கனத்திருக்கும். இடுப்பில் கட்டிய படங்கைத் தாண்டிச் சேலை நனைந்திருக்கும். கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் இரத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அம்மாவின் விரல்கள் அந்த நேரத்தில் தீக்குச்சியைப் பிடிக்க மடங்காது. தங்கச்சிதான் கிழித்துக் கொடுப்பாள். ஈர விறகு புகைந்து புகைந்து பற்றி, ஒரு பானைத் தண்ணீர் கொதிக்க முக்கால் மணி நேரம் போகும். அதை விளாவி ஐந்து பேர் குளிக்க வேண்டும். கடைசியாகக் குளிப்பது எப்போதும் அம்மாதான். அவருக்கு மிஞ்சுவது வெதுவெதுப்புக்கூட இல்லாத தண்ணீர்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு லீட்டர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க ஏறக்குறைய 4.2 கிலோ ஜூல் வேண்டும். 100 லீட்டரை 30 பாகை ஏற்றினால் மூன்றரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம். மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோதான் பானைக்குப் போய்ச் சேர்கிறது. ஆகவே அதே தண்ணீருக்கு ஏழு கிலோ காய்ந்த விறகு வேண்டும். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலைகளில் காய்ந்த கிளைகளான மிலாரைப் பொறுக்கித் தலையில் சுமந்து வருபவர்களுக்கு ஏழு கிலோ என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் லயத்தில் யாரும் ஒரு நாளைக்கு 100 லீட்டர் சுட வைப்பதில்லை. முடியாது என்பதால் வைப்பதில்லை. அந்த முடியாமையைத் தேவை இல்லாமை என்று எண்ணிவிடாதீர்கள்.

இரண்டு சதுர மீற்றர் சாதனம், சுமாரான வெயில் நாளில், அந்த மூன்றரை யூனிட் சூட்டையும் தண்ணீருக்குள் சேர்த்துவிடும். அதிலும் நேரம் பொருந்தி வருவதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. தாங்கியில் தண்ணீர் மிகச் சூடாக இருப்பது மாலை நான்கு, ஐந்து மணிக்கு. மலையிலிருந்து ஆட்கள் இறங்குவதும் அதே நேரத்தில். தாங்கியைச் சுற்றி நல்ல நுரைக் கவசம் இருந்தால், மிச்சம் காலையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கும் கிடைக்கும். நாடு முழுவதும் மின்சாரம் அதிகம் இழுக்கும் மாலை ஆறரை முதல் பத்தரை வரையான நேரத்தில், அந்த வீட்டில் ஹீட்டர் ஓடாது.

இந்தச் சாமானின் சந்தை இங்கே எப்படி நடக்கிறது என்பதைக் கூரைமேல் இருந்தே பார்த்திருக்கிறேன். 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் ஏறியபோது, ஹோட்டல்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். ஒரே கிழமையில் நான்கு இடம் போன காலம் அது. பிறகு கட்டணம் இறங்கியது, அழைப்பும் குறைந்தது. வாங்குகிறவர்கள் ஹோட்டல்களும் கொழும்பில் வசதியான வீடுகளும்தான். தோட்டத்து வீடு எந்த வியாபாரியின் கணக்கிலும் வராது. 2024 இல் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தபோது, நான் பொருத்திய சாதனங்களில் மிகச் சிறியதே ஒரு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. தேவை அதிகமாக உள்ள இடத்தில் வாங்கும் சக்தி இல்லை. சந்தையாக இது எங்களிடம் வராது. வீட்டோடு சேர்த்துக் கட்டினால்தான் வரும்.

வேறு நாடுகளில் வந்தது அப்படித்தான். இஸ்ரேலில் 1980 முதல் புது வீடுகளுக்குச் சூரிய வெந்நீர்ச் சாதனம் சட்டப்படி கட்டாயம். சைப்பிரஸில் பத்து வீட்டில் ஒன்பதில் அது இருக்கிறது. நம்மைப் போலவே தீவான பார்படோஸில் எழுபதுகளிலேயே வரிச் சலுகை கொடுத்து ஊரெங்கும் பரப்பினார்கள்.

ஒரு கேள்வியை நீங்கள் கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். உலகில் இந்தச் சாதனங்களில் பெரும்பகுதி சீனாவில் இருக்கிறது. 2013 க்குப் பிறகு அங்கேயே புதிதாகப் பொருத்துவது குறைந்துகொண்டு வருகிறது. மின்சாரம் தரும் சோலார் பேனல் மலிந்துவிட்டது. அப்படியிருக்க, பழைய சாமானுக்கு ஏன் காசு? என் பதில் இது. அதே இரண்டு சதுர மீற்றரில் பேனல், விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும். வெந்நீர்ச் சாதனம் ஏறக்குறைய பாதியைச் சூடாக்கித் தரும். 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையின்போது மின்சாரப் பாவனை குறைந்து, கூரைப் பேனல்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டது நினைவிருக்கும். வெந்நீர்த் தாங்கிக்கும் மின்கம்பிக்கும் சம்பந்தமே கிடையாது. பம்பு வேண்டாம், பில் வராது, கரண்ட் போனாலும் தண்ணீர் சுடும். நகரத்து மாடி வீட்டுக்குப் பேனல் நல்ல யோசனையாக இருக்கலாம். ஏழு பேர்ச்சஸ் காணியில் தோட்டத்து ஆட்களுக்குக் கட்டும் 550 சதுர அடி வீட்டுக்கு, மாதா மாதம் காசு கேட்காத சாமான்தான் பொருந்தும்.

மலைச்சரிவும் இதற்குத் தோதானது. சூடான தண்ணீர் இலேசாகி மேலே போகும், குளிர்ந்தது கீழே இறங்கும். இந்த ஓட்டத்துக்குத் தாங்கி மேலேயும் வெயில் வாங்கும் பகுதி கீழேயும் இருந்தால் போதும். சமவெளியில் கூரைமேல் ஏற்ற வேண்டியதை, நாங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்திட்டில் வைத்துவிடலாம். ஊற்றுத் தண்ணீர் பீலிக்கு வருவதுபோலத் தானாக இறங்கி வரும். நூறு கிலோவுக்கு மேல் கனக்கும் தாங்கியைத் தகரக் கூரை தாங்குமா என்ற கவலையும் தீரும். ஒரு சீமெந்துப் பீடமும், அங்கிருந்து குளியலறைக்குக் கவசம் சுற்றிய ஒரு குழாயும் போதும். வீடு கட்டும்போது போட்டால் செலவு சிறியது. கட்டி முடித்த பிறகு சுவரை உடைத்துப் போட்டால் என்ன செலவாகும் என்பது எனக்குத் தெரியும். அந்த வேலைக்குக் கூலி வாங்கியவன் நான்.

எந்த வகையைத் தெரிவு செய்வது என்பதிலும் தவறு நடக்கக்கூடாது. சில வருடங்களுக்கு முன், ஒரு சனவரி மாதம், நுவரெலியாவில் ஒரு விடுதிக்கு அவசரமாகக் கூப்பிட்டார்கள். தட்டையான பெட்டிக்குள் செப்புக் குழாய் ஓடும் வகை அது. முந்தின இரவு மேகமே இல்லை; புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. குழாய்க்குள் தண்ணீர் உறைந்து விரிந்து, செம்பு நீளமாகக் கிழிந்திருந்தது. அதை அங்கே பொருத்தியவன் நானே. விற்றவர்கள் சொன்னதை நம்பியது என் பிழை. அதன்பின் உயரமான இடங்களுக்கு இரட்டைக் கண்ணாடிக் குழாய் வகையைத்தான் சொல்கிறேன். தேத்தண்ணி கொண்டுபோகும் பிளாஸ்க் போல இரண்டு கண்ணாடிக்கு நடுவே காற்றே இருக்காது. வெளிக் கண்ணாடியைத் தொட்டால் பனி ஈரத்தோடு ஜில்லென்று இருக்கும். உள்ளே இருக்கும் தண்ணீர் கையைச் சுடும். அடைபடும் கவலையும் எங்களுக்குக் குறைவு. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புத் தண்ணீர் குழாய்க்குள் படிந்துவிடும். எங்கள் ஊற்றுத் தண்ணீர் மென்மையானது.

மூடுபனி மாதங்களை மறைக்க மாட்டேன். ஆனி, ஆடியில் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் வெயிலை நம்ப முடியாது. அந்த நாட்களில் தண்ணீர் 25, 28 பாகைக்குத்தான் வரும். ஆனாலும் பாதி சுட்ட தண்ணீரைப் பானையில் ஊற்றினால் விறகு பாதி மிச்சம். அதே மாதங்களில் வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் காய்ந்த காற்றும் நல்ல வெயிலுமாக இருக்கும். முதலில் அந்த ஊர்கள் இருக்கும் ஊவா மாகாணத்தில் தொடங்குங்கள் என்பது என் எண்ணம். அங்கே கைகூடியதைப் பார்த்த பிறகு மேற்குச் சரிவுக்கு வரலாம்.

வீட்டுக்குள் குளிர் பற்றியும் ஒரு வார்த்தை. துரை பங்களாவில் அந்தக் காலத்திலேயே கணப்படுப்புக் கட்டினார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்கு அடுப்புப் புகைதான் கணப்பு. புது வீட்டுக்கு இயந்திரம் எதுவும் கேட்கவில்லை. தகட்டுக்குக் கீழே ஒரு சீலிங், சுவரும் கூரையும் சேரும் இடத்தில் இடைவெளி இல்லாத பூச்சு, காலை வெயில் விழக் கிழக்கே ஒரு பெரிய கண்ணாடிச் சன்னல். கடுங்குளிர் அடிக்கும் தை மாதத்தில் பகல் பெரும்பாலும் வெளிச்சமாகத்தான் இருக்கிறது. அந்தச் சூட்டை இரவு வரை பிடித்து வைக்கத் தெரிந்த வீடு வேண்டும்.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. இந்திய உதவியில் 4,000 வீடுகளுக்கான திட்டத்துக்குப் பிறகு, 2017 மே மாதம் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. 2025 நவம்பரில் டித்வா புயலும் மண்சரிவும் வீடுகளைக் கொண்டுபோன பின், புது இடங்களில் கட்ட வேண்டியவை இன்னும் கூடியிருக்கின்றன. ஒவ்வொரு வரைபடத்திலும் அந்தப் பீடத்தையும் குழாயையும் சேருங்கள். சாதனத்தை உடனே வாங்கக் காசில்லை என்றாலும் பரவாயில்லை, குழாய் சுவருக்குள் இருக்கட்டும். பழுது பார்க்கத் தோட்டத்துப் பிள்ளைகளையே பயிற்றுங்கள். தென்னாபிரிக்காவில் ஏழை வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்த சாதனங்கள் பல, திருத்த ஆளில்லாமல் ஒழுகி வீணாயின. ஒரு ரப்பர் வளையம் மாற்றக் கொழும்பிலிருந்து ஆள் வர வேண்டுமென்றால் இங்கேயும் அதுதான் நடக்கும். என்னோடு வேலை பழகிய மூன்று பையன்கள் இப்போது தலைநகரில் கடைகளில் நிற்கிறார்கள். ஊரில் வேலை இருந்தால் திரும்பி வருவோம் என்று சொல்கிறார்கள்.

முதல் சாதனத்தை, வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பிள்ளை மடுவத்தில் வையுங்கள். கைக்குழந்தைகளைக் கழுவ ஆயாமார் பச்சைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு தயங்கி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். தாங்கியும் கண்ணாடிக் குழாய்களும் நீங்கள் அனுப்பினால், பொருத்துகிற வேலைக்குக் கூலி வேண்டாம். இரண்டு நாள் போதும்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து ஒரு பைப் தொழிலாளி