2015-ஆம் ஆண்டறிக்கை (பாய்சி, ஐடஹோ மாநிலம், அமெரிக்கா)

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன அறிக்கையைப் போலவே இதையும் ‘தன்பாலீர்ப்பினருக்கும் திருநருக்கும் பாகுபாட்டிலிருந்து காப்பு தரும் சட்டத் திருத்தம் நிறைவேறவில்லை’ என்றுதான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஒரே வித்தியாசம், இந்த முறை நாம் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தோற்கடித்தார்கள். ஒன்பது வருடம் நடையாய் நடந்து சட்டமன்றக் குழு முன் கிடைத்த முதல் முழு விசாரணை அது. அறிக்கையில் பாதி அதற்கே போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ஐடஹோ மனித உரிமைச் சட்டம் 1969-இல் வந்தது. இனம், மதம் போன்ற காரணங்களைச் சொல்லி வேலையையோ வாடகை வீட்டையோ மறுக்கக்கூடாது என்கிறது. ‘பாலியல் நாட்டம், பாலின அடையாளம்’ என்ற நான்கு சொற்களை அதில் சேர்க்கச் சொல்கிறோம், அவ்வளவுதான். இதற்காக 2014 பிப்ரவரி 3 அன்று மாநில செனட் வாசலில் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற 44 பேரைக் கைது செய்தார்கள். முன்னாள் மாநில செனட்டர் நிக்கோல் லெஃபேவரும் அவர்களில் ஒருவர்.

இந்த ஜனவரி 26, திங்கட்கிழமை, கேபிடல் எனும் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தின் லிங்கன் அரங்கில் விசாரணை தொடங்கியது. மூன்று நாள். என் பக்கத்தில் இருந்த நம் உறுப்பினர் தன் பேச்சை எழுதிய தாளை எட்டாக மடிப்பதும் பிரிப்பதுமாகவே இருந்தார். பெயரைக் கூப்பிட்டபோது மடிப்பில் எழுத்து கலைந்துபோயிருந்தது. தாளைப் பார்க்காமலே பேசினார். அலுவலக மேசையில் வைத்த குடும்பப் படம், அப்புறம் போன வேலை. எதிர்த்துப் பேசியவர்களில் பலர், யார் எந்தக் கழிப்பறைக்குப் போவது, ஒருபால் கல்யாணத்துக்கு கேக் செய்ய மறுக்கலாமா என்பதை விட்டு நகரவில்லை. எங்கள் வரிசையில் யாரும் குறுக்கே பேசவில்லை. அது எளிதாகவும் இல்லை.

குழுவின் முடிவு 13-க்கு 4. எதிர்த்தவர்கள் குடியரசுக் கட்சியினர் 13, ஆதரித்தவர்கள் ஜனநாயகக் கட்சியினர் 4. இதை ஞாயிறன்றே எழுதி வைத்திருக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், அதே வாரச் செவ்வாய்க்கிழமை பக்கத்து மாநிலமான யூட்டாவில் மார்மன் திருச்சபைத் தலைவர்கள், மதச் சுதந்திரத்துக்கும் காப்பு இருந்தால் இப்படிப்பட்ட சட்டத்தை ஆதரிப்போம் என்று அறிவித்தார்கள். மார்ச் 12 அன்று யூட்டா ஆளுநர் கையெழுத்தும் போட்டுவிட்டார். ஆனால் அந்தச் சட்டம் கடை, உணவகம் பக்கமே போகவில்லை. 15 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கும் பொருந்தாது. நம் மாநிலச் சட்டமோ 5 பேர் இருந்தாலே பிடிக்கும். யூட்டா மாதிரிச் சட்டம் ஒன்றை இங்கே ஏற்கலாமா என்று ஏப்ரல் கூட்டத்தில் காரசாரமாகப் பேசினோம், முடிவெடுக்கவில்லை. ஏற்கக்கூடாது என்பது என் கருத்து. செயலாளர் கருத்தாக அல்ல, சொந்தக் கருத்தாகப் பதிகிறேன்.

இதே பாதுகாப்பைத் தங்கள் எல்லைக்குள் நகரச் சட்டமாகக் கொண்டுவந்த நகரங்கள்தான் ஆறுதல். 2011-இல் சாண்ட்பாயிண்ட் தொடங்கி வைத்தது, 2012-இல் நம் பாய்சி. பொகடெல்லோவில் 2014-இல் பொதுவாக்கெடுப்பு வரை போய், நூறு வாக்குகூட வித்தியாசம் இல்லாமல் அந்த நகரச் சட்டம் தப்பியது. ஆனாலும் பாய்சி எல்லை தாண்டிப் பக்கத்து ஊரான மெரிடியனுக்குள் கால் வைத்தால் பாதுகாப்பு அங்கேயே நின்றுவிடுகிறது. அக்டோபர் 2014 முதல் ஒருபால் கல்யாணம் மட்டும் மாநிலம் எங்கும் செல்லும்.

அச்சகக்காரர் நம் துண்டுப்பிரசுரத்தில் நான்கு சொற்களில் ஒன்றை விட்டுவிட்டார். விட்ட சொல்லை 300 தாளிலும் கையாலேயே எழுதிச் சேர்த்தோம். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

அடுத்த கூட்டத்தொடர் 2016 ஜனவரி 11. முதல் நாள் கேபிடல் வாசலுக்கு யார் யார் வருகிறீர்கள் என்று இன்றே பெயர் கொடுங்கள். ஃபிளாஸ்க் காபி என் பொறுப்பு.

இவண்,
செயலாளர்