மில்லிமீட்டரில் சொல்லுங்கள்

பெறுநர்: மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தில் மோட்டார் வாகன விதிகளை வகுக்கும் அதிகாரிகள், மாநிலப் போக்குவரத்து ஆணையர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். பதிவில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு என்ன சொல்கிறது, 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அதற்கு என்ன பொருள் கொடுத்தது, அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ(4) எவ்வளவு தண்டிக்கிறது என்பதெல்லாம் நீங்கள் அறிந்ததே. ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எங்களுக்கு மட்டுமல்ல, டயர் கடைப் பையனுக்கும் இது மனப்பாடம். இந்த மடலை எழுத வைத்தது ஒரு சரக்கு ஜீப்.

மலைக்கிராமத்துக்கு அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் ஏற்றிப் போகிற ஜீப் அது. பதிவில் உள்ள டயர் 215/75 ஆர்15 (அகலம் 215 மி.மீ., பக்கச் சுவர் உயரம் அதில் 75 சதவீதம், ரிம் 15 அங்குலம்). ஓடிக்கொண்டிருந்தது 235/75 ஆர்15. சென்ற மாதம் எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்று சோதனைக்குப் போனது. பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர் என்று பதவிப் பெயர் மாறி எத்தனை காலமானாலும் எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்கிறோம்) குனிந்து டயரின் பக்கச் சுவரைப் படித்தார், அளவு பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினார். அவர்மேல் ஒரு குறையும் இல்லை. காகிதத்தில் இருப்பதைப் பார்த்தார், வண்டியில் இருப்பதைப் பார்த்தார், இரண்டும் வேறு.

மறுநாள் அதே ஜீப் வாடகை டயரில் வந்தது. எஃப்.சி.க்கு டயர் வாடகைக்குக் கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியாத செய்தியாக இருக்காது. ஸ்டெப்னியோடு ஐந்து டயர். அளவு சரி, பட்டன் (டயரின் மேல்பரப்புக் கட்டைகள்) ஆழமும் சரி. பக்கச் சுவரில் தயாரிப்புத் தேதியைக் காட்டும் நாலு இலக்கம் மட்டும் 1416 என்று இருந்தது. 2016ஆம் ஆண்டின் 14ஆம் வாரம். பட்டன் தேயாமல் இருந்ததற்குக் காரணம், அந்த டயர்கள் சாலையைப் பார்த்ததைவிட எஃப்.சி. மைதானத்தைப் பார்த்ததே அதிகம். ரப்பர் காய்ந்து, ரிம்மை ஒட்டி மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தது. வண்டி தேறிவிட்டது. கேட்டுக்கு வெளியே கொஞ்சம் தள்ளி ஜாக்கி போட்டு, பழையபடி 235 டயர்களை மாட்டி, வீல் ஸ்பேனரைக் காலால் மிதித்து நட்டு முறுக்கி, மதியத்துக்குள் மலையேறிவிட்டது. கழற்றி மாட்டிய ரிம்மை 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பார்க்க வேண்டும். யார் பார்த்தார்கள்?

ஆக, அரசு சோதித்தது இரண்டு மணி நேரம் மாட்டியிருந்த டயரை. அடுத்த எஃப்.சி. வரை அந்தச் சுமையைக் கொண்டை ஊசி வளைவுகளில் தாங்கப்போகிற டயரை எந்த அதிகாரியும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தாங்கள் இதை ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்க வேண்டும் என்று பணிவோடு கேட்கிறோம். பாதுகாப்புக்காகப் போட்ட விதி, பாதுகாப்பான டயரைக் கழற்ற வைத்து வெடிப்பு விழுந்த டயருக்கு முத்திரை குத்தியிருக்கிறது.

பாதுகாப்பான டயர் என்று சும்மா சொல்லவில்லை, கணக்கைப் பாருங்கள். 215/75 ஆர்15 டயரின் விட்டம் 703.5 மி.மீ. 235/75 ஆர்15 என்றால் 733.5. வித்தியாசம் 30 மி.மீ., அதில் பாதியான 15 மி.மீ.தான் வண்டி உயர்கிறது. முதலாவதில் வழக்கமாக வரும் சுமைக் குறியீடு 100, அதாவது சக்கரத்துக்கு 800 கிலோ. இரண்டாவதில் 105, அதாவது 925 கிலோ. அதே 6 அங்குல ரிம்மில் உட்காரும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி நிஜத்தில் 62.6 போகும். கம்பெனி மீட்டர்கள் பொதுவாகக் கொஞ்சம் கூட்டியே காட்டுவதால் இதில் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடும். கல் பாதையில் அந்த 15 மி.மீ. என்ன செய்யும் என்று கேட்கலாம். சாலிட் ஆக்ஸில் (இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு) வண்டியில் தரைக்கு மிக அருகில் தொங்குவது அச்சின் நடுவே பல்சக்கரங்கள் இருக்கும் டிஃபரன்ஷியல் குண்டு. ஸ்பிரிங்கை எவ்வளவு தூக்கினாலும் பாடிதான் மேலே போகும், அந்தக் குண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த டயரைத் தவிர வேறு எளிய வழி கிடையாது.

இதே ஜீப்பில் 31x10.5 ஆர்15 (31 அங்குல விட்டம், 10.5 அங்குல அகலம்) மாட்டிக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அதன் விட்டம் 787 மி.மீ. கூடுதல் 84. மீட்டர் 80 காட்டினால் நிஜம் 89.5. அந்த டயருக்குக் குறைந்தது 7 அங்குல ரிம் வேண்டும், 6 அங்குலத்தில் திணித்தால் நடுப்பகுதி புடைத்து அது மட்டும் தேயும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிப் பள்ளத்தில் இறங்கினால் மட்கார்டை உரசும். டிஃபரன்ஷியலில் உள்ள கிரௌன் பினியன் பல்சக்கரங்களை மாற்றாமல் ஓட்டினால் ஒவ்வொரு கியரும் 12 சதவீதம் நீண்டுவிடும். மேட்டில் முதல் கியரில் கிளட்சை அரைத்து அரைத்துத்தான் கிளம்ப வேண்டும், பிளேட் சீக்கிரம் எரியும். கனமான பெரிய சக்கரத்தை நிறுத்த அதே பழைய பிரேக்தான். இதற்கு அனுமதி கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. கொடுக்காதீர்கள்.

ஆனால் இன்றைய விதியில் 30 மி.மீ.க்கும் 84 மி.மீ.க்கும் வித்தியாசமே இல்லை. இரண்டுக்கும் 5000. அப்படியிருக்க, போடுகிறவன் எதைப் போடுவான்? எப்படியும் குற்றம்தானே என்று பெரிதாகவே போடுகிறான். ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: எது வரை சரி, எதற்கு மேல் தப்பு என்பதை மில்லிமீட்டரில் சொல்லுங்கள்.

52ஆம் பிரிவின் விளக்கக் குறிப்பில், கட்டமைப்பை மாற்றி வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றுவதுதான் 'மாற்றம்' என்று இருக்கிறது. அடிப்படை அம்சம் எத்தனை மி.மீ.யில் மாறுகிறது? 2020இல் வந்த மஹிந்திரா 'தார்' ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வகைக்குக் கம்பெனி 245/75 ஆர்16 கொடுத்தது, விட்டம் 774 மி.மீ. இன்னொரு வகைக்கு 255/65 ஆர்18, விட்டம் 789. கம்பெனியே மாட்டினால் 15 மி.மீ. அடிப்படை அம்சமாகாது, கீழ் வகை வாங்கியவர் மேல் வகையின் சக்கரத்தை வாங்கி மாட்டினால்? ஒரு சோதனைச்சாவடியில் "அது பரவாயில்லை, போங்க" என்பார்கள். அடுத்த சாவடியில் ரசீது புத்தகத்தைத் திறப்பார்கள். சரக்கு வண்டிக்காவது பதிவில் டயர் அளவு எழுத இடம் இருக்கிறது. சொந்தக் காருக்குக் கொடுக்கும் ஸ்மார்ட் கார்டில் டயர் அளவே கிடையாது. கார்டில் இல்லாத ஒன்று கார்டோடு முரண்படுகிறது என்று எதை வைத்து எழுதுகிறார்கள் என்பதை அறிய ஆவலாக இருக்கிறோம்.

லிஃப்ட், அதாவது சஸ்பென்ஷனை மாற்றி வண்டியின் பாடியை உயர்த்தும் விஷயம் இதைவிட மோசம், ஏனென்றால் டயரைப் போல அது வெளியே தெரியாது. சட்டத்துக்குப் புறம்பான வேலை என்பதால் பட்டறையில் பில் கிடையாது, அல்லது 'பொது சர்வீஸ்' என்று ஒரு வரி. பில் இல்லையென்றால் பார்ட்ஸுக்குப் பொறுப்பு இல்லை, அலைன்மெண்ட் அச்சிட்ட தாள் இல்லை, இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லவும் வாய் இல்லை. அதனால் நல்ல கிட் விற்கிறவருக்கும், லேத்தில் ஒரு அலுமினிய வட்டைக் கடைந்து கொடுக்கிறவருக்கும் சந்தையில் ஒரே மரியாதை. இரண்டாமவர் மலிவு, அவ்வளவுதான்.

அந்த அலுமினிய வட்டு என்ன செய்யும் என்று தங்கள் ஆய்வாளர்களுக்கு ஒருமுறை காட்டுங்கள். தார் போல முன்பக்கம் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனி விஷ்போன் கைகள் பிடித்திருக்கும் வண்டியில், ஷாக் அப்சார்பர் தலைக்கு மேலே 20 மி.மீ. வட்டு வைத்தால் வண்டி 20 மி.மீ. தூக்காது, அதைவிடக் கணிசமாகத் தூக்கும். ஷாக்கின் அடி விஷ்போனின் நுனியில் இல்லாமல் நடுவாக்கில் பிடித்திருப்பதால் நெம்புகோல் கணக்கு. இது தெரியாமல் 50 மி.மீ. வேண்டும் என்று 50 மி.மீ. வட்டையே வைக்கிறார்கள். சக்கரம் முழுக்கத் தொங்கும்போது எங்கே நிற்க வேண்டும் என்பதை ஷாக்கின் நீளம்தான் தீர்மானிக்கிறது. வட்டு ஷாக் மொத்தத்தையும் கீழே தள்ளிவிட, விஷ்போன் கை தன் எல்லையைத் தாண்டி இறங்குகிறது. அப்போது மேல் பால் ஜாயிண்ட் முட்டிக்கொண்டு நிற்கிறது, ஆக்ஸில் ஜாயிண்டின் ரப்பர் உறை மடிந்து கிழிகிறது, உள்ளே மண் போகிறது. கடைசியில் அந்த ஜாயிண்ட் மலைப்பாதை நடுவில் கையை விரிக்கிறது.

மாருதி சுசூகி ஜிம்னி மாதிரி முன்னும் பின்னும் சாலிட் ஆக்ஸில், காயில் ஸ்பிரிங் என்றால் நோய் வேறு. 50 மி.மீ. நீள ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் கைகள் கீழ்நோக்கிச் சாய்ந்து காஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) குறைகிறது. வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பாது, வேகத்தில் ஒரு சின்னக் குழியில் ஏறினால் முன்சக்கரம் இரண்டும் உதறத் தொடங்கும். ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பான்ஹார்டு ராடு ஆக்ஸிலையே ஒரு பக்கமாக இழுத்துவிடும். ஆகவே காஸ்டர் திருத்தும் புஷ், நீளம் கூட்டக்கூடிய பான்ஹார்டு ராடு, நீள பிரேக் ஹோஸ், நீள ஷாக், அதற்கேற்ற பம்ப் ஸ்டாப் எல்லாம் சேர்ந்ததுதான் லிஃப்ட். பட்டை ஸ்பிரிங் வண்டிகளில் பின்பக்கம் ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை கொடுப்பது பழைய பழக்கம். கட்டை உயர உயரப் பட்டை முறுக்கிக்கொள்ளும், பினியன் மூக்கு தூக்கும், அதோடு சேரும் ஷாஃப்டின் கிராஸ் ஜாயிண்ட் உடையும். கட்டைமேல் கட்டை அடுக்கியதையும், முன் ஆக்ஸிலில் கட்டை கொடுத்ததையும் பார்த்தால் அங்கேயே வண்டியைப் பறிமுதல் செய்யுங்கள், கைதட்டுவோம்.

விளக்கையும் யாரும் யோசிப்பதில்லை. தாரின் வீல்பேஸ் 2450 மி.மீ. முன்பக்கம் மட்டும் 50 மி.மீ. தூக்கினால் சாய்வு இரண்டு சதவீதம் மாறும். தாழ் ஒளி 10 மீட்டரில் சுமார் 10 செ.மீ. இறங்கும்படி வைக்கப்பட்டிருந்தால், இப்போது 10 செ.மீ. ஏறியிருக்கும். எதிரே வரும் பைக்காரர் கண்ணில் நேராக. ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஒரு சுவரும் இருந்தால் பத்து நிமிடத்தில் சரிசெய்யலாம். ஆனால் சட்டவிரோத வேலைக்கு சரிபார்ப்புப் பட்டியல் என்று ஒன்று இருக்காதே.

அளவு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் அளவு சொல்லியிருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். எங்கள் மாவட்டத்தில் அப்படி ஒன்றையாவது காட்டினால் மாலை போட்டுத் திறந்துவைக்கலாம். ஊர்த் திருவிழாவுக்கு முதல் நாள் இரவு கொட்டிய தாரும் ஜல்லியும் ஆளுக்கு ஒரு உயரத்தில் நிற்கின்றன. கம்பெனி கொடுத்த உயரத்தோடு போகிற கார்கள் அதில் அடிவயிறு தேய்கின்றன. அந்த வேகத்தடைக்கு எஃப்.சி. உண்டா, அதைப் போட்டவருக்கு ஒரு மாற்றத்துக்கு 5000 உண்டா? 2017 டிசம்பரில் வண்டி முகப்பில் மாட்டும் முன் கம்பிகளைக் (புல் பார்) கழற்றச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதினீர்கள். சரியான முடிவு. கொடி கட்டிய வண்டிகளுக்கு அந்தக் கடிதம் இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

மன்னிக்கவும். வேகத்தடை உங்கள் மேசைக் கோப்பு இல்லை என்பது தெரியும். கேட்க வந்ததற்கு வருகிறோம்.

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் வி.எஸ்.பி. 14 என்ற கையேடு இருக்கிறது. ஆஃப்ரோடு பயணியர் வண்டிக்குக் கம்பெனி கொடுத்த மிகப் பெரிய டயரைவிட விட்டம் 50 மி.மீ. வரை கூடலாம் என்று எண்ணாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். சஸ்பென்ஷன் உயரத்துக்கும் வரம்பு உண்டு, தாண்டினால் பொறியாளர் சான்று வேண்டும். ஐஸ்லாந்தில் 38 அங்குல டயர் போட்ட வண்டிகள் மாற்றியமைத்தவை என்றே பதிவாகி, சோதனைக்கு வந்து போகின்றன. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

மூன்று படி போதும். விட்டத்தில் ஒரு சிறிய வரம்பு வரை, சொல்லப்போனால் 30 மி.மீ. வரை, சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் குறையாமல், மட்கார்டுக்கு வெளியே துருத்தாமல், நாலும் ஒரே அளவாக இருந்தால் அனுமதியே தேவையில்லை என்று விடுங்கள். அதற்கு மேல் 50 மி.மீ. டயர், 50 மி.மீ. லிஃப்ட் வரை ஆய்வாளர் பார்க்கட்டும்: ஒரு சக்கரத்தைச் சாய்தளத்தில் ஏற்றி ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி உரசுகிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, அலைன்மெண்ட் தாளில் காஸ்டர் கம்பெனி வரம்புக்குள் இருக்கிறதா, மீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டுகிறதா, விளக்கு எங்கே அடிக்கிறது. தேறினால் ஆர்.சி.யில் ஒரு வரி ஏற்றுங்கள், கட்டணமும் வாங்கிக்கொள்ளுங்கள். சுமை வரம்பு மட்டும் பழையதே என்றும் அதிலேயே எழுதுங்கள், 105 டயர் போட்டுவிட்டோம் என்று மூட்டையைக் கூட்டுகிறவர்கள் எங்களிலும் உண்டு. அதற்கும் மேலே போகிறவர்களுக்கு 182ஏ(4) இருக்கிறது, தாராளமாகப் போடுங்கள்.

இந்த எண்கள் தவறென்று தங்கள் பொறியாளர்கள் கருதினால் வேறு எண் கொடுக்கட்டும். 20 என்றாலும் ஏற்கிறோம். எண் ஒன்று வேண்டும், அவ்வளவே. தயவுசெய்து மில்லிமீட்டரில் சொல்லுங்கள்.

அந்தச் சரக்கு ஜீப்புக்கு எட்டு வயது தாண்டிவிட்டது. அடுத்த எஃப்.சி. இன்னும் பதினொரு மாதத்தில். அதற்குள் உத்தரவு வந்தால், 1416 தேதியிட்ட ஐந்து டயர்களுக்கு ஒரு வாடிக்கையாளராவது குறைவார்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
மலையடிவார ஜீப் உரிமையாளர்களும் மெக்கானிக்குகளும்