பட்டாளம் உட்கார்ந்த கல்லா

ஆசிரியருக்கு வணக்கம்.

மியான்மர் பற்றிய உங்கள் கட்டுரையில் 2021 பிப்ரவரி 1 ஆட்சிக் கவிழ்ப்பு, சிறை, தேர்தல் எல்லாம் இருந்தது, பட்டாளத்தின் கல்லாப்பெட்டியைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. நான் வியாசர்பாடியில் பிறந்தவள். எங்கள் தெருவில் பாதிப்பேர் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவர்கள், அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தாத்தாவுக்கு ரங்கூனில் மளிகைக் கடை. 1962-இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார், அடுத்த வருடம் வங்கிகளை எடுத்துக்கொண்டார், 1964 மார்ச்சில் கடைகளுக்கு வந்தார்கள். காலையில் சிப்பாய்கள் வந்து சாவியை வாங்கி, புளி மூட்டை வரை எண்ணி எழுதிக்கொண்டு, 'மக்கள் கடை' என்று நம்பர் போட்ட பலகையை மாட்டிவிட்டுப் போனதை ஆயா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது. மே மாதம் 50, 100 கியாட் (அந்த ஊர்ப் பணம்) நோட்டுகள் செல்லாது என்றார்கள். ஆயா ஒரே ஒரு நூறு கியாட்டை மட்டும் கொடுக்காமல் நாலாக மடித்துக் கொண்டுவந்துவிட்டது; டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, மடிப்பெல்லாம் விட்டு இப்போது நாலு துண்டு.

சரி, பட்டாளம் எடுத்த கடைகளாவது ஒழுங்காக நடந்ததா? கடையில் சரக்கு இல்லை, கள்ளச்சந்தையில் எல்லாம் கிடைத்தது. லைசென்ஸ் கொடுப்பவர், கடை நடத்துபவர், துப்பாக்கி வைத்திருப்பவர் மூவரும் ஒரே ஆள் என்றால் யாரிடம் போய்ப் புகார் சொல்வது? 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகளை மாற்றிக்கூடத் தராமல் செல்லாது என்றுவிட்டு, 45, 90 என்று ஒன்பதால் வகுபடும் நோட்டுகளை அடித்தார்கள். ஒரு காலத்தில் உலகிலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு, அந்த வருடக் கடைசியில் ஐ.நா.வின் மிகப் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் சேர்ந்தது.

அப்புறம் ஜெனரல்கள் கம்பெனி தொடங்கினார்கள். 1990-இல் எம்.இ.எச்.எல். (மியான்மர் எகனாமிக் ஹோல்டிங்ஸ்), 1997-இல் எம்.இ.சி. (மியான்மர் எகனாமிக் கார்ப்பரேஷன்); ஜேட் என்கிற பச்சைக்கல் சுரங்கம், வங்கி, பீர், சிகரெட் எல்லாவற்றிலும் கை. இந்த வருமானம் மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களின் கணக்குக்குள் வராமலே படைக்குப் போகிறது என்பதை ஐ.நா. உண்மை அறியும் குழு 2019-இல் தனி அறிக்கையாகவே சொல்லிவிட்டது. இவ்வளவு சொத்து கையில் இருக்கிறவர்கள் ஒரு தேர்தலில் தோற்றோம் என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்களா?

நமக்கென்ன என்று யாராவது கேட்டால், வடசென்னைக்காரர்கள் காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் பக்கம் பார்க்க வேண்டும். அந்தத் துறைமுகத்தை நடத்தும் அதானி நிறுவனம்தான் ரங்கூனில் எம்.இ.சி.யிடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் துறைமுகம் கட்டப் போனது, கவிழ்ப்புக்குப் பிறகு எதிர்ப்பு வலுத்ததால் 2023-இல் 3 கோடி டாலருக்கு விற்றுவிட்டு வெளியேறியது. குத்தகைப் பணம் யார் கைக்குப் போனது என்று நம் பத்திரிகைகள் விடாமல் கேட்டிருக்க வேண்டாமா?

பீச் ஸ்டேஷனை ஒட்டிய பர்மா பஜாரில், 1969-இல் அது தொடங்கியபோது பர்மாவிலிருந்து வந்து கடை போட்ட பெரியவர்கள் இனி அதிக நாள் இருக்க மாட்டார்கள். அடுத்த கட்டுரைக்கு முன்னால் உங்கள் நிருபரை அவர்களிடம் ஒரு நடை அனுப்புங்கள். எங்கள் வீட்டுக்கும் வரட்டும், அந்த நோட்டை எடுத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வியாசர்பாடி, சென்னை - 39